தினம் ஒரு டம்ளர் சீந்தில்

நான் காலை நடைக்குப் போகும் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு விற்பவர், கொரோனாவுக்குப் பிறகு சீந்தில் கஷாயமும் வைத்திருக்கிறார். "தினம் ஒரு டம்ளர் குடிங்க சார், எதிர்ப்புச் சக்தி கூடும். மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது." வாட்ஸ்அப்பில் வருவதும் இதேதான்.

சீந்திலோடு எனக்குப் பகை இல்லை. அறுத்துத் தொங்கவிட்டாலும் துளிர்க்கிற கொடி. அமிர்தவல்லி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. என் தகராறெல்லாம் அந்த 'தினம்', 'ஒண்ணும் பண்ணாது' இரண்டோடும்தான்.

எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே? எல்லோருக்கும் அல்ல. முடக்குவாதம் போன்ற நோய்களில் அந்தச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிறது. அதைப் போய் உசுப்பிவிடுவானேன்?

ஒன்றும் பண்ணாது என்பதற்கு மும்பையிலிருந்து பதில் வந்தது. சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது: அது சீந்திலாக இல்லாமல், அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. நியாயமான சந்தேகம்தான். டினோஸ்போரா கிறிஸ்பா என்ற அந்தக் கொடியின் தண்டு முழுக்கப் பருப் பருவாக இருக்கும். நம் சீந்திலில் தோல் தாள் மாதிரி உரியும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. ஆனால் பொடியாகிப் பொட்டலத்தில் வந்த பிறகு எந்தப் பருவைத் தடவிப் பார்ப்பது? தவிர, அடுத்து 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றி எழுதின. அவர்கள் சாப்பிட்டதன் மாதிரிகளையும் சோதித்தார்கள், சீந்தில்தான். பலருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்திருக்கிறது.

எத்தனையோ பேர் குடித்ததில் 43 பேர்தானே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். என் ஈரல் எப்படி இருக்கிறது என்று பூங்கா வாசலில் யார் பார்த்தார்கள்?

சித்தர்களே சொன்னது என்பதுதான் எல்லோரும் கடைசியாக எடுக்கும் ஆயுதம். சித்த மருத்துவம் இதை டம்ளர் கணக்கில் சொல்லவில்லை. முற்றிய தண்டின் தோலை நீக்கி, இடித்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவை மறுபடி மறுபடி கழுவிக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. பெயர்தான் சர்க்கரை, இனிப்பில்லை. அதையும் ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து, அளவும் நாளும் அனுபானமும் பத்தியமும் சொல்லித்தான் வைத்தியர் கொடுப்பார். சித்தர்கள் பெயரைச் சொல்பவர்கள் இதில் கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

சீந்திலுக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்பதால், நீரிழிவு மாத்திரை போடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிட்டால் மயக்கம் வரும். போன வாரம் கஷாயக்காரரிடம் இதைச் சொன்னேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அப்ப மாத்திரையை நிறுத்திடுங்க சார்" என்றார்.