ரத்தம் கண்டால் மறைக்கமாட்டோம்: கொள்கைப் பிரகடனம்

மோஷன் போகும்போது ரத்தம் வந்தால் நம் ஊரில் அது மூலம்தான். உடம்புச் சூடு, முந்தின நாள் தின்ற கோழிக்கறி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று காரணமும் தயாராக இருக்கிறது. பேருந்து நிலையச் சுவரெங்கும் ‘மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று போஸ்டர். லேகியம், களிம்பு என்று ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பார்க்காமலே முடிவுகட்டுவதால், பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்று உள்ளவர்களும் அதே களிம்போடு நாளைக் கடத்துகிறார்கள். அப்படி ஒருவரும் நாளைக் கடத்தக்கூடாது என்பதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

குடல் புற்று ஒரே நாளில் வருவதில்லை. குடலின் உட்சுவரில் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அவற்றில் சில மட்டும், பெரும்பாலும் 10 ஆண்டு அளவில், புற்றாக மாறுகின்றன. ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். வரவிருந்த புற்று வராமலே போகும். புற்றே வந்திருந்தாலும், குடலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 100 பேரில் சுமார் 90 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பின் அது 15 பேர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இத்தனை அவகாசம் தரும் நோயிடம் உயிரை விடுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வெட்கப்படுபவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆண் மருத்துவரிடம் ஆசனவாயைக் காட்ட ஒரு பெண் தயங்குவது இயல்பு. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தருவோம். ‘வயித்துல பை வச்சிருவாங்க’ என்ற பயத்துக்கும் பதில் வேண்டும். சீக்கிரம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, மலம் சேர வயிற்றில் வைக்கும் அந்தப் பை நிரந்தரமாகத் தேவைப்படுவதில்லை. பை வைத்துக்கொண்டவர்களும் வேலைக்குப் போகிறார்கள், கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் மேடையில் முதலில் பேசப்போவது அவர்கள்தான்.

மகளிர் குழுக் கூட்டத்திலும், நூறு நாள் வேலைத் தளத்திலும், டீக்கடை பெஞ்சிலும் பேசுவோம். ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, போன பிறகும் போகாதது போன்ற உணர்வு: இவை இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஐம்பது வயது ஆணுக்கு ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

தொல்லை எதுவும் இல்லாதவர்கள், 50 வயதை நெருங்கும்போது, மலத்தில் மறைந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ‘ஃபிட்’ சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். கழிப்பறையில் தண்ணீர் படாமல் காகிதம் விரித்து, சிறு குழாயின் மூடியில் இருக்கும் குச்சியால் மலத்தை நாலைந்து இடத்தில் குத்தி, திரும்பக் குழாய்க்குள் செருகி மூடினால் வேலை முடிந்தது. பாசிட்டிவ் என்றால் புற்று என்று பொருளல்ல. ஆனால் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக்கூடாது. ரத்தம் கண்ணுக்கே தெரிகிறவர்கள் இந்தச் சோதனையை நம்பி உட்கார வேண்டாம், நேரே மருத்துவரிடம் போகட்டும்.

எல்லாருக்கும் கொலோனோஸ்கோப்பி என்று நாங்கள் கேட்கவில்லை. மேலை நாடுகளைவிட இங்கே இந்த நோய் குறைவு. கருவிகளும் கைதேர்ந்தவர்களும் குறைவு. தேவைப்படுகிறவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படக்கூடாது. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றைப் பார்க்கிறது. குடல் அதில் இல்லை. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கே இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கட்டும்: ரத்தம் போகிறதா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று வந்ததா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூலக் களிம்பு எழுதும் முன் விரல் விட்டுப் பரிசோதிப்பது கட்டாயமாகட்டும்.

பரிசோதனைகளைப் பற்றி இத்தனை பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: ஸ்கேன் சென்டர்களிடமும் லேப்களிடமும் இயக்கம் பணம் வாங்காது.

இதில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும், அப்பா, அம்மா, உடன்பிறந்தோரில் யாருக்கு இந்த நோய் எந்த வயதில் வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அப்படி யாராவது இருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும்.