பயத்துக்கும் ஒரு வரி ஒதுக்குவோம்

பக்கவாதம் வந்து ஆறேழு மாதம் ஆனவர். பெர்க் சமநிலைத் தேர்வில் 56-க்கு 48 எடுக்கிறார், பயிற்சி அறையில் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். வீட்டாரை விசாரித்தால், சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போவதில்லை, வாசல் தாண்டி மாதக்கணக்காகிறது என்கிறார்கள். இப்படி ஒருவரைப் பார்க்காத இயன்முறை மருத்துவர் நம்மில் இருக்க முடியாது. அவருடைய தசை வலிமை, தசை இறுக்கம், மூட்டசைவு எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் இருக்காது.

இதை அளக்கக் கருவி இல்லை என்று சொல்ல முடியாது. மேரி டினெட்டியும் குழுவினரும் 1990-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். அதன் வழிவந்த எஃப்.இ.எஸ்.-ஐ (FES-I) அளவுகோல் 2005-இல் வெளியானது: 16 கேள்விகள், மதிப்பெண் 16 முதல் 64 வரை. நேரம் இல்லையென்றால் 7 கேள்விச் சுருக்கம் இருக்கிறது. 1995-இல் வந்த, சமநிலை குறித்த தன்னம்பிக்கையை அளக்கும் ஏ.பி.சி. (ABC) அளவுகோலில் பனி உறைந்த நடைபாதையைப் பற்றிக்கூட ஒரு கேள்வி உண்டு. நம் ஊருக்கு அது பொருந்தாது. அதற்காகக் கேள்விகளை நாமே மாற்றினால் மதிப்பெண்ணுக்குப் பொருளிருக்காது. அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு, டவுன் பஸ் படி, ஈரமான குளியலறை, கோயில் கூட்டம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு எழுதுவதே சரி.

பயத்தை மனம் சார்ந்தது என்று ஒதுக்கிவிடுகிறோம். அது உடலில் செய்யும் வேலையைக் கவனித்துப் பாருங்கள். கணுக்காலின் முன் தசையும் பின் தசையும் ஒருசேர இறுகுகின்றன. அடி குறுகுகிறது. பார்வை பாதத்துக்கு முன்னால் தரையிலேயே நிற்கிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இயல்பாக வந்த நடையை ஒவ்வோர் அடியாக யோசித்து நடக்கத் தொடங்குகிறார். பார்க்கின்சன் நோயாளிக்கு இது இன்னும் பாதகம். தானாக நடக்கும் திறன் அவருக்கு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. நிலைப்படியிலும் திரும்பும் இடத்திலும் பதற்றம் சேர்ந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பயந்து நடமாட்டத்தைக் குறைப்பவருக்கு வலிமையும் குறைகிறது. பிறகு அந்தப் பயம் நியாயமானதாகவே ஆகிவிடுகிறது.

எல்லாப் பயத்தையும் போக்கவும் கூடாது. வலப்பக்க மூளை பாதித்து இடப்பக்கத்தையே கவனிக்காத நோயாளிக்கு வர வேண்டிய பயம் வருவதில்லை. அவருக்கு எச்சரிக்கையைத்தான் கற்றுத்தர வேண்டும். திறனையும் பயத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே சிகிச்சையைத் திட்டமிட முடியும்.

திறன் இருந்தும் பயப்படுபவருக்குச் சமநிலைப் பயிற்சி மட்டும் போதாது. அவர் எதைத் தவிர்க்கிறாரோ அதையே சிறு படிகளாகப் பிரித்துப் பயிற்சியாக்க வேண்டும். நம் கையைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள வேண்டும். பார்க்கின்சன் என்றால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் தொடங்கலாம். நாம் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று, தரையிலிருந்து எழுவது. ஒருக்களித்து, முழங்கையூன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னே ஊன்றி எழச் சொல்லித்தாருங்கள். மூட்டும் எலும்பும் இடங்கொடுக்காதவருக்கு, விழுந்தபின் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதையாவது பழக்குங்கள். விழுந்தால் எழுந்துகொள்ளலாம் என்று தெரிந்தவர் அடுத்த அடியைத் தயங்காமல் வைக்கிறார்.

வீட்டாருடனும் பேசியாக வேண்டும். "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்பது அன்புதான். நாள் முழுக்க அதையே கேட்பவர் தன்னால் முடியாது என்றே நம்பிவிடுவார். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே போகிறது. அந்தக் குளியலறையையும் நிலைப்படியையும் நேரில் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு; பயிற்சியை அங்கேயே தொடங்குங்கள்.

அடுத்து வரும் நரம்பியல் நோயாளியிடம், விழுந்தீர்களா என்பதோடு, விழுந்துவிடுவோமோ என்று பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்றும் கேளுங்கள். சொல்லும் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அதிலிருந்தே சிகிச்சையின் இலக்கை வகுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.