கேட்கும் நேரம், கட்டளையிடும் நேரம்

2010 மே 22, காலை. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையை நெருங்கியபோது, இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரத்தில் இருந்தது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்றார். இறங்குவதைக் கைவிட்டு மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவோம் என்பது அதன் பொருள். மூன்று முறை சொன்னார். தலைமை விமானி செவிகொடுக்கவில்லை. குன்றின் உச்சியில் அமைந்த ஓடுபாதையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்.

எந்திரத்தில் கோளாறு இல்லை, வானமும் தெளிவாக இருந்தது. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்த ஒருவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய சொல் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

விமானத் துறைக்கு இந்த நோய் புதிதல்ல. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே தலைமை விமானி மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைந்துவருவது மற்றவர்களுக்குத் தெரியும். அதை அழுத்திச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வரவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் பலியானார்கள். இதன் பிறகுதான் அந்த நிறுவனம், விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கே தனிப் பயிற்சி தொடங்கியது. இன்று உலகெங்கும் ‘க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்’ என்று அறியப்படும் பயிற்சி அது. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

அந்தப் பயிற்சியின் பலனை 1989 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானத்தில் 296 பேர் இருந்தனர். நடுவானில் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறியதில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. திருப்பவோ ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பறந்தவர். ‘எனக்குத் தெரியும், சும்மா இருங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்ததும், அவரை உள்ளே அழைத்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடிகளை அவர் கையில் கொடுத்தார். இரு எஞ்சின்களின் விசையை மாற்றி மாற்றியே விமானத்தைத் திருப்பி, 44 நிமிடங்கள் போராடி சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் உயிர் தப்பினார்கள். பின்னர் மாதிரி விமான அறையில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்த விமானிகளால் பத்திரமாகத் தரையிறக்க முடியவில்லை. தாங்கள் அந்த அளவுக்காவது சாதித்ததற்கு அந்தப் பயிற்சியும் காரணம் என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் மேடைதோறும் சொன்னார்.

அப்படியானால் எப்போதும் எல்லோரையும் கலந்துதான் முடிவெடுக்க வேண்டுமா? இல்லை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தின் இரு எஞ்சின்களும் பறவைகள் மோதிச் செயலிழந்தன. அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. தலைமை விமானி சல்லன்பெர்கர் ‘மை ஏர்கிராஃப்ட்’ என்றார். ‘யுவர் ஏர்கிராஃப்ட்’ என்று துணை விமானி ஒப்படைத்தார். இடையில் ஒரு கேள்வி இல்லை, விளக்கம் இல்லை. பறவைகள் மோதியதிலிருந்து ஹட்சன் ஆற்றில் இறங்கும்வரை கையிலிருந்தது 208 விநாடி. ஆனாலும் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பு, வேறு ஏதாவது வழி தோன்றுகிறதா என்று சல்லன்பெர்கர் துணை விமானியைக் கேட்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. இல்லை என்று பதில் வந்தது. 155 பேரும் பிழைத்தார்கள்.

1969இல் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் முன்வைத்த கோட்பாடு, பணியாளரின் தேர்ச்சிக்கு ஏற்பத் தலைமையின் பாணி மாற வேண்டும் என்கிறது. புதியவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடு, தேர்ந்தவரை அவர் போக்கில் விடு என்பது அதன் சாரம். நல்ல யோசனைதான், ஆனால் அது மட்டும் போதாது. கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, விஷயம் யாருக்குத் தெரியும் என்ற இரண்டையும் தலைவர் எடைபோட வேண்டியிருக்கிறது. ஹெய்ன்ஸுக்கு 44 நிமிடம் இருந்தது, விடை யாரிடமும் இல்லை. அதனால் எல்லோரிடமும் கேட்டார். சல்லன்பெர்கருக்கு மூன்றரை நிமிடம்கூட இல்லை, அதனால் கட்டளையிட்டார்.

கோவையின் ஒரு வார்ப்பாலையை எண்ணிப் பாருங்கள். உருகிய இரும்பு நிறைந்த கரண்டி சாயும்போது சூப்பர்வைசர் ‘விலகு’ என்று கத்தத்தான் வேண்டும். அங்கே கூட்டம் போட்டுப் பேச முடியாது. ஆனால் வார்ப்புகளில் ஏன் திரும்பத் திரும்ப ப்ளோ ஹோல் எனும் காற்றுக் குழி விழுகிறது என்று ஆராயும் நேரத்தில் அதே குரலில் கத்தினால், மணலில் ஈரம் கூடிப்போனதைக் காலையிலேயே கையால் தொட்டு உணர்ந்த, மணல் அச்சு செய்யும் மோல்டர் வாயைத் திறக்க மாட்டார். நம் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி நேர்வது இந்த இரண்டாவது தவறு. ‘சார் முடிவு பண்ணிட்டார்’ என்ற ஒரு சொல்லில் எத்தனை பேருக்குத் தெரிந்த உண்மை புதைந்துபோகிறது!

கீழே இருப்பவரைப் பேசவைக்கும் பாடத்தை மருத்துவத் துறை விமானிகளிடமிருந்து கற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல்படி, கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை பேசிவிட்ட செவிலியர், தவறு கண்ணில் பட்டால் மறுமுறையும் பேசுவார் என்பதே காரணம். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைக் கடைப்பிடித்துப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

பத்துப் பேருக்குத் தலைமை வகிப்பவர்கள் நாளைக் காலைக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று செய்து பார்க்கலாம்: உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். அறையில் இருப்பவர்களிலேயே இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.