37 ஜீன், ஒரே சாட்சி

"மைட்டோகாண்ட்ரியா பொய் சொல்லாது." கருத்தரங்க மேடைகளில் பல வருடங்களாகக் கேட்டுப் புளித்துப்போன வசனம். அண்மையில் கைரோனோமிட் பூச்சிகளைப் பற்றிய ஓர் உரையிலும் அதே பல்லவி. கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. மாலையில் நீர்நிலைகளின் மேல் கூட்டம் கூட்டமாகச் சுழலும். மீன்தொட்டிக் கடைகளில் பிளட்வார்ம் என்று விற்கும் சிவப்புப் புழு இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள், 11 துணைக்குடும்பங்கள். இவற்றில் யாருக்கு யார் பங்காளி என்ற வழக்கை முழு மைட்டோகாண்ட்ரியல் ஜீனோம் முடித்துவைத்துவிட்டதாம்.

உருவத்தைப் பார்த்துச் செய்த பழைய வகைப்பாடெல்லாம் வெறும் ஊகம் என்றார் பேச்சாளர். ஸ்வீடன்காரர் லார்ஸ் புருண்டின் 1966இல் வெளியிட்ட தடித்த நூலை அவர் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். தென்கோளத்துக் குளிர்ந்த ஓடைகளின் பூச்சிகளைப் புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்று எல்லாப் பருவத்திலும் ஒப்பிட்டு, தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அண்டார்க்டிகா வழியாக ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததன் தடயத்தை அந்த உறவுகளில் புருண்டின் காட்டினார். கண்டங்கள் நகரும் என்பதை நிலவியலாளர்களே முழுசாக ஒப்புக்கொள்ளாத காலம் அது. கையில் டிஎன்ஏ வரிசை ஓர் எழுத்துகூட இல்லை. ஊகம்தான், பாவம்.

மைட்டோகாண்ட்ரியா வேகமாக மாறுவதால் உறவு துல்லியமாகத் தெரியும் என்பது அடுத்தது. நேற்றுப் பிரிந்தவர்களுக்குச் சரி. இந்தக் குடும்பமோ டிரையாசிக் காலத்திலேயே புதைபடிவம் விட்டுப்போனது. பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் முக்கால் பங்கு ஏ, டி என்ற இரண்டே எழுத்து. இருபது கோடி ஆண்டில் ஒரே இடம் எத்தனை முறை மாறி, தற்செயலாக ஒத்துப்போயிருக்கும்?

எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது "37 ஜீன்" என்ற பெருமைதான். 13 புரத ஜீன், 22 டிஆர்என்ஏ, 2 ஆர்ஆர்என்ஏ, ஆக 37 என்று திரையில் வண்ண வளையம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த வளையம் தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே ஒரே துண்டாகப் போகிறது, மறுசேர்க்கை இல்லை. எனவே 37க்கும் ஒரே வம்சக் கதைதான். ஒரே பத்திரத்தை 37 ஜெராக்ஸ் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு 37 ஆதாரம் என்பதுபோல. கிளைக்குக் கிளை உறுதியை அளக்கும் பூட்ஸ்ட்ராப் மதிப்பெண் 100 என்று போட்டுக்கொள்வதும் அந்தப் பத்திரம் தெளிவாகப் படிக்க முடிகிறது என்பதற்கு அத்தாட்சி. பத்திரம் அசலா என்பதற்கு அல்ல.

அது போலியாகவும் இருக்கலாம் என்பதற்குக் கைரோனோமஸ் பேரினத்திலேயே வழக்கு உண்டு. வட அமெரிக்காவில் நெடுங்காலம் டென்டன்ஸ் என்று அழைத்த பூச்சி ஐரோப்பிய டென்டன்ஸ் அல்ல என்று கண்டு, 1999இல் டைலூட்டஸ் எனத் தனிப்பெயர் வைத்தார்கள். அதற்குப் பெரிதும் கைகொடுத்தது பல்பியானி 1881இல் இந்தப் பேரினத்துப் புழுவில் கண்ட ராட்சதக் குரோமோசோம். வளர்ந்த புழுவின் தலையைப் பிடித்து இழுத்தால் கண்ணாடிபோல இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பி கூடவே வரும். ஆர்சீன் சாயத்தில் ஊறவைத்து, மூடுகண்ணாடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் நுண்ணோக்கியில் பட்டை பட்டையாய்க் குரோமோசோம். எந்தத் துண்டு தலைகீழாய்த் திரும்பியிருக்கிறது என்பதுவரை தெரியும்.

டென்டன்ஸ், டைலூட்டஸ் இவற்றோடு பாலிடிவிட்டேட்டஸ் என்ற இனத்தையும் சேர்த்து 2002இல் வரிசைப்படுத்திப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா ஜீன்கள் கண்டம் பார்த்துக் கூட்டுசேர்ந்தன. உட்கருவிலுள்ள குளோபின் ஜீன் இனம் பார்த்துப் பிரிந்தது. காரணம், இனம் தாண்டிய கலப்பு. ஓர் இனத்துப் பெண் வேற்றினத்து ஆணோடு கூடி, மகளும் பேத்தியும் தொடர்ந்து தகப்பன் இனத்திலேயே சேர்ந்தால், ஆறாம் தலைமுறையில் அந்த மூதாயின் உட்கரு டிஎன்ஏ சராசரியாக 64இல் ஒரு பங்கு. மைட்டோகாண்ட்ரியா மட்டும் நூற்றுக்கு நூறு அவளுடையது. இப்படி வந்ததை 658 எழுத்துத் துண்டாகப் படித்தாலும் வளையம் முழுக்கப் பதினாறாயிரம் எழுத்து படித்தாலும் விடை ஒன்றுதான். நீளப் படித்தால் தவறு இன்னும் உறுதியாகும், அவ்வளவே.

உட்கரு ஜீனோம் பெரிது, செலவு தாங்காது என்பது கடைசிச் சமாதானம். அண்டார்க்டிகாவின் சிறகில்லாத பெல்ஜிகா இதே குடும்பம்; பூச்சி உலகின் மிகச் சிறிய ஜீனோம்களில் ஒன்று, சுமார் 9.9 கோடி எழுத்து. 2014இலேயே படித்தாயிற்று. எல்லா இனத்துக்கும் அப்படிச் செய்யக் காசில்லை, மலிவாகக் கிடைப்பதை வைத்து ஓட்டுகிறோம் என்றால் நியாயமான பேச்சு. அதை மேடையில் சொல்லிவிட்டு வளையத்தைக் காட்டினால் எனக்கு அவர்களோடு சண்டையே இல்லை.