களரிக்கு ஒரு காலம், கந்தோருக்கு ஒரு காலம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கலைமன்றமொன்று அரச உதவி பெற விரும்பினால் முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் யாப்பு, கூட்டறிக்கை, வங்கிக் கணக்கு, செலவு மதிப்பீடு ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுமக்களின் பணம் கணக்குக் காட்டியே செலவிடப்பட வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த ஒழுங்குகள் யாருடைய வாழ்க்கையை மனதிற்கொண்டு வகுக்கப்பட்டன என்ற கேள்வி எழவே செய்கிறது.

படுவான்கரையில் கூத்து இன்றும் ஊரின் பொதுக்காரியமாகவே விளங்குகின்றது. பெரும்போக அறுவடை முடிந்து கையில் நெல்லும் ஓய்வும் உள்ள நாட்களில் அண்ணாவியார் சட்டங் கொடுக்கின்றார். இரவு இரவாகப் பயிற்சி நடைபெறுகின்றது. சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என வளர்ந்து, மாதங்கள் கழிந்தே அரங்கேற்றம் இடம்பெறுகின்றது. அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடிப் பெறும் அன்பளிப்பில் உடுப்பு, மத்தளம், அண்ணாவியாரின் வெகுமதி ஆகியவற்றின் செலவு ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றது. எந்த விண்ணப்பப் படிவமும் இல்லாமல் தலைமுறைகளாக இயங்கிவந்த நிதிமுறை இது.

அரசாங்கத்தின் நிதியாண்டோ ஜனவரியில் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகின்றது. ஒதுக்கீடு அனுமதிக்கப்பட்டுக் கீழ்மட்டத்தை வந்தடையும்போது பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியாகிவிடுகின்றது. அக்காலத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். ஆடுவோர் வயலில் நிற்பார்கள். செலவிடப்படாத பணமோ ஆண்டிறுதியில் திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆகவே அவசரமாக ஒரு மண்டபம், ஒரு பதாகை, பிரதம அதிதி, பொன்னாடை, அரைமணிநேர ஆற்றுகை என்று காரியம் முடிக்கப்படுகின்றது. பற்றுச்சீட்டுக்கள் யாவும் சரியாக இருக்கும். விடிய விடிய ஆடப்படும் கூத்து மட்டும் அங்கே இராது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய ஊர்களின் களிகம்பு, பொல்லடி, றபான் கலைஞர்களுக்கும் இதே நிலைதான். முதிய கலைஞருக்கு ஒருநாள் மேடையும் ஒரு சான்றிதழும் கிடைக்கின்றன. அவரிடம் ஆறு மாதம் பயிலக்கூடிய இளைஞனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு இந்து, முஸ்லிம் பண்பாட்டுக்குத் தனித்தனித் திணைக்களங்கள். பிரதேச செயலகங்களும் பெரும்பாலும் இனவாரியான எல்லைகளைக் கொண்டவை. அடுத்தடுத்துள்ள காத்தான்குடியும் ஆரையம்பதியும் வெவ்வேறு பிரிவுகளுக்குரியவை. இவ்விரு ஊர்களின் இளைஞர்கள் சேர்ந்து ஒரு கலைமுயற்சியைத் தொடங்க விரும்பினால் எந்தக் கந்தோரின் கதவைத் தட்டுவது? நல்லிணக்கம் பற்றி மேடைதோறும் பேசுவோர் இந்தச் சிறு விடயத்தைக் கவனிக்காதது விசனத்திற்குரியதாகும்.

இலங்கைக் கலைக்கழகச் சட்டம் 1952 இல் நிறைவேறியது. அக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமங்களுக்கே சென்று அண்ணாவிமாரைத் தேடினார். மட்டக்களப்பின் தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகம் 1962 இல் அவரது பதிப்பாக அச்சேறியது. கலைஞன் கந்தோரைத் தேடி வரவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்றபின், மாகாணத்தின் பண்பாட்டு ஒதுக்கீடுகளைப் பற்றிக் கேள்வி எழுப்பவேண்டிய மக்கள் பிரதிநிதிகளின் மன்றம் பல ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடந்தது. ஆயினும் எல்லாவற்றிற்கும் மாகாண சபையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பங்களை முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரி, அறுவடைக்கு முன்னர் தெரிவை முடித்து வைக்கலாம். மேடைச் செலவை மட்டுமன்றிப் பயிற்சிக் காலத்தையும் அண்ணாவியாரின் கொடுப்பனவையும் செலவாக ஏற்கலாம். இரு பிரிவுகளைச் சேர்ந்த மன்றங்கள் கூட்டாக விண்ணப்பித்தால் மாவட்ட செயலகமே அதனை நேரடியாகப் பொறுப்பேற்கலாம். எழுதத் தயங்கும் அண்ணாவியார் வாய்மொழியாகச் சொல்வதைக் கலாசார உத்தியோகத்தர் களரியிலேயே அமர்ந்து படிவத்தில் எழுதிக்கொள்ளலாம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குச் செல்ல அவர் தோணிக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.