வரலாறு கழித்தல் கணக்கு அன்று

ஆசிரியர்கள் கூடியிருந்த கருத்தரங்கு ஒன்றில், உலகத் தலைவர்களைப் பற்றி மாணவர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்பது குறித்து இளம் ஆசிரிய நண்பர் ஒருவர் உரையாற்றினார். அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டவர் அமெரிக்காவின் 36-ஆவது அதிபரான லிண்டன் ஜான்சன். "கறுப்பின மக்களுக்கு உரிமை வழங்கிய வள்ளல் அவர். வியட்நாம் போர் அப்பெரும் புகழில் விழுந்த ஒரு சிறு மறு. நல்லதையும் தீயதையும் எடைபோட்டு, எது மிகுந்துள்ளதோ அதைக் கொண்டு முடிவு செய்வதே வள்ளுவர் காட்டிய வழி" என்று அவர் முடித்தபோது அரங்கு கைதட்டியது. நான் கைதட்டவில்லை. அன்று நேரமின்மையால் கூறாது விட்ட மறுப்பை ஈண்டு எழுதுகின்றேன். நண்பரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அவர் போட்ட கணக்கையே மறுக்கின்றேன்.

முதலில் வள்ளுவரை இவ்வழக்கிலிருந்து விடுவிப்போம். நண்பர் எண்ணிய குறள் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் உள்ளது. அரசன் ஒருவனைப் பணியில் அமர்த்துமுன் அவனை ஆராயும் முறையை அவ்வதிகாரம் கூறுகின்றது. குற்றமே இல்லாத மாந்தர் கிடைத்தல் அரிது. ஆகவே எடைபோட்டுத் தேர்ந்தெடு என்பது அதன் கருத்து. பணிக்கு ஆள் தேர்வதற்குரிய அளவுகோலைக் கொண்டு, மாண்டவர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தல் முறையாகுமா? நடுவுநிலைமையும் செங்கோன்மையும் படித்த எவரும், ஒருவர்க்குச் செய்த நன்மையைக் காட்டி மற்றொருவர்க்குச் செய்த தீமையை வள்ளுவர் மன்னித்தார் என்று கூறத் துணியார்.

இனி ஜான்சனைக் காண்போம். அவருடைய நற்செயல்களை நான் குறைத்துக் கூறப் போவதில்லை. அவர் நம் இனத்தவர், அதாவது ஆசிரியர். டெக்சஸ் மாநிலத்தின் சான் மார்க்கோஸ் நகர ஆசிரியர் கல்லூரியில் பயின்றவர். படிப்பின் இடையே, 1928-ஆம் ஆண்டில், கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் பயின்ற பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். பிள்ளைகள் காலையுணவின்றிப் பசியோடு வகுப்புக்கு வந்ததை அவர் கண்டார். தம் ஊதியத்தில் விளையாட்டுப் பொருள்கள் வாங்கிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையின் முகத்தைக் கண்டறியாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நம்முள் எத்தனை பேர்? அந்த 20 வயது இளைஞரை நாம் எளிதில் அறிந்துகொள்கின்றோம்.

ஆயினும் ஒன்று. பள்ளி வளாகத்தில் தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் பேசிய பிள்ளைகளை அவர் தண்டித்தார் என்று அவருடைய வரலாற்றை விரிவாக எழுதிய ராபர்ட் காரோ குறிப்பிடுகின்றார். பிள்ளைகள் ஆங்கிலம் கற்று உயர வேண்டும் என்ற அக்கறையே அதற்குக் காரணம். பிறர்க்கு எது நன்மை என்பதைத் தாமே முடிவு செய்யும் அக்கறை அது. தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதனை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

அரசியலில் நுழைந்த ஜான்சன், ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம் கறுப்பின மக்களின் உரிமைக்கான சட்ட முன்வரைவுகளை எதிர்த்தே வாக்களித்தார். பின்னர் மாறினார். மாறியது இழுக்கன்று, பெருமையே. 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபின் அதிபரானவர், செனட் சபையின் நீண்ட தடைப்பேச்சுகளை முறியடித்து, 1964 ஜூலை 2-ஆம் நாள் குடியுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1965 ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 100-க்கு 7 பேர் அளவில் இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967-க்குள் 100-க்கு 60 என்னும் அளவை எட்டியது. முதியோர்க்கான மருத்துவக் காப்பீடும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கான நிதியும் அவர் காலத்தவை. இவற்றைச் சிறியன என்பவர் உண்மை அறியாதவர்.

எனினும் 'வள்ளல்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். வள்ளல் தன்னுடையதைக் கொடுப்பவன். கறுப்பின மக்களின் வாக்குரிமை ஜான்சனின் உடைமையன்று. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அவர்களது உடைமை. 1965 மார்ச்சு 7-ஆம் நாள் அலபாமாவின் செல்மா நகரில், பாலத்தைக் கடந்து அமைதியாக நடந்த மக்களைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். அக்குருதியே அச்சட்டத்தை விரைவாக்கியது. ஜான்சனின் சிறப்பு, அக்குரல் எழுந்தபோது செவிசாய்த்ததே ஆகும். மார்ச்சு 15-ஆம் நாள் காங்கிரசின் முன் உரையாற்றிய அவர் கொட்டுல்லாவின் பசித்த பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். அவர்தம் மக்களுக்கு உதவும் வாய்ப்புத் தமக்குக் கிட்டும் என்று அன்று எண்ணவில்லை என்றும், கிட்டியபின் அதனைப் பயன்படுத்தியே தீர்வதாகவும் கூறினார். ஓர் ஆசிரியர் அடையக்கூடிய மிக உயர்ந்த கணம் அதுவே.

அதே கணத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மார்ச்சு 2-ஆம் நாள் வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சுத் தொடங்கியிருந்தது. மார்ச்சு 8-ஆம் நாள், அதாவது செல்மாவில் தடியடி நிகழ்ந்த மறுநாள், அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் 3,500 பேர் டானாங் கரையில் இறங்கினர். கொட்டுல்லாவின் பிள்ளைகளுக்காக அதிபர் உருகிய இரவில், வியட்நாமியப் பிள்ளைகள் அவருடைய குண்டுகளின் கீழ் இருந்தனர். ஒரே மனிதர், ஒரே மாதம்.

இப்போர் தொடங்கப்பட்ட முறையையும் மறைக்கலாகாது. 1964 ஆகஸ்டு 4-ஆம் நாள் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையாகத் தாக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. அங்கிருந்த தளபதி அன்றே ஐயம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். அவ்வையம் மக்கள்முன் வைக்கப்படவில்லை. மூன்றே நாளில் போர் நடத்தும் அதிகாரத்தைக் காங்கிரசு வழங்கியது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் எவருமில்லை. செனட் சபையில் இருவர் மட்டுமே. அத்தகைய தாக்குதலே நிகழவில்லை என்பதை அமெரிக்க அரசின் பாதுகாப்பு முகமையே எழுதுவித்த ஆய்வு 2005-இல் வெளிப்படுத்தியது.

இதனினும் கொடியது மற்றொன்று. 1964 மே 27-ஆம் நாள், தம் ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியுடன் தொலைபேசியில் பேசுகையில், அப்போர் போரிடத் தகுந்ததென்று தமக்குத் தோன்றவில்லை என்றும், வெளியேற வழியும் தெரியவில்லை என்றும் ஜான்சன் மனம்விட்டுக் கூறினார். அவ்வுரையாடலின் ஒலிப்பதிவு இன்றும் உள்ளது. அறியாமையால் தவறியவர் மீது இரக்கம் கொள்ளலாம். ஐயுற்றுக்கொண்டே பிறர் பிள்ளைகளை அனுப்பியவரை என்ன சொல்வது? அவர் பதவியேற்றபோது 16,000 அளவில் இருந்த அமெரிக்கப் படையினர், 1968-இல் 5 இலட்சத்தைத் தாண்டினர். 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் பெயர்கள் வாசிங்டன் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் மாண்ட பொதுமக்கள் மட்டும் 20 இலட்சம் பேர். இவர்கள் அனைவரும் ஜான்சன் ஒருவரின் ஆட்சியில் மாண்டவர் அல்லர். ஆயினும் உதவிப் போராக இருந்ததை அமெரிக்காவின் பெரும்போராக மாற்றிய கை அவருடையதே. இது 'சிறு மறு' எனில், பெருங்கறை எது?

நண்பரின் சார்பில் கூறத்தக்க மறுமொழிகள் சில உண்டு. அப்போர் முன்னையோர் விட்டுச்சென்றது என்பர். உண்மைதான், ஆனால் பிறர் வைத்த நெருப்பில் நெய் வார்த்தவன் பொறுப்பினின்று தப்பான். பொதுவுடைமை நம் வட்டாரம் முழுவதும் பரவுமென்று அஞ்சினார் என்பர். அவ்வச்சம் நம்மவர்க்கும் இருந்தது. 1966 அக்டோபரில் அவர் மலேசியாவுக்கு வந்தபோது நம் அரசு வரவேற்றது. நெகிரி செம்பிலானில் ஒரு பெல்டா குடியேற்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயின் அச்சம் ஒரு செயலை விளக்குமேயன்றி அதனை அறமாக்காது. 1968 மார்ச்சு 31-ஆம் நாள் தாமே தேர்தலினின்று விலகினாரே என்பர். தவறுணர்ந்த கணமே அரியணையில் உயிர்நீத்த பாண்டியனைப் படித்த நாம், விலகலையும் தவறொப்புதலையும் ஒன்றெனக் கொள்ளலாமா? தாம் பிழை செய்ததாக அவர் கூறவில்லை. போரும் 1975 வரை ஓயவில்லை.

மேலும், இரண்டையும் தனித்தனிக் கணக்குகளாகப் பிரிப்பதே பிழை. போர், அவருடைய நற்செயல்களையும் தின்றது. 1968-இல் போர்ச்செலவைச் சமாளிக்க வரியை உயர்த்த விரும்பிய அதிபர், அதற்கு ஈடாக 600 கோடி டாலர் செலவுக் குறைப்புக்கு இசைய நேர்ந்தது. இதனை முன்னரே கண்டவர் மார்ட்டின் லூதர் கிங். 1965-இல் ஜான்சனோடு துணைநின்ற அவர், 1967 ஏப்ரல் 4-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் நின்று போரை வெளிப்படையாக எதிர்த்தார். நன்றி மறந்தவர் என்று பலர் தூற்றினர். சட்டத்தால் பயன்பெற்ற மக்களின் தலைவரே அக்கழித்தல் கணக்கை ஏற்கவில்லை. நாம் யார் அதனை ஏற்க?

இங்கு மறுதரப்பாரையும் எச்சரிக்க வேண்டும். ஜான்சன் கொலைகாரர், அவர் செய்த யாவும் நாடகம் என்று பேச்சுப் போட்டி மேடையில் முழங்கும் மாணவர்களையும் நான் கேட்டதுண்டு. அவர்களும் அதே கணக்கையே போடுகின்றனர், விடைதான் வேறு. மிசிசிப்பியில் முதன்முறை வாக்களித்த மூதாட்டியின் மகிழ்ச்சியை வியட்நாமின் துயரம் பொய்யாக்காது. அம்மகிழ்ச்சி வியட்நாமின் தாய்க்கு ஆறுதலும் ஆகாது.

அவ்வாறாயின் மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவது என்ன? உள்நாட்டில் ஜான்சன் நீதி செய்தபோது, பாதிக்கப்பட்டோர் தாமே எழுந்து பேசினர். வாக்கும் வீதியும் அவரைக் கேட்க வைத்தன. விவாதம் திறந்த அவையில் நடந்தது. வியட்நாமில் அவர் அநீதி செய்தபோது, அம்மக்களுக்கு அவர் அவையில் குரலில்லை, அவர்களுக்கு எது நன்மை என்பதை அவரே முடிவு செய்தார், ஐயங்கள் மறைக்கப்பட்டன. கொட்டுல்லாவில் பிள்ளைகளுக்கு உணர்வோடு உதவிய கையே அவர்தம் மொழிக்குத் தண்டனையும் கொடுத்தது. இரண்டு ஜான்சன்கள் இல்லை. கேட்டறிந்து செய்த அக்கறை நீதியாயிற்று. கேளாது திணித்த அக்கறை கொடுமையாயிற்று.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, "இவர் நல்ல தலைவரா, தீய தலைவரா?" என்னும் வினாவை வினாத்தாளினின்று நீக்குங்கள். "யாருக்கு என்ன செய்தார்? அவர்களைக் கேட்டுச் செய்தாரா?" என்று வினவுங்கள். கழிக்காமல் இரண்டு பக்கங்களையும் முழுமையாக எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கொடுங்கள். நாளை அவனும் ஒரு வகுப்பறையில், பசித்த பிள்ளைகள் முன்னே நிற்கக்கூடும்.