வீடு கைமாறும்போது பூனை

வீட்டை விற்போர் கிணற்றுப் பங்கினையும் வழிவாய்க்கால் உரிமையினையும் மறவாது உறுதியில் எழுதுவிப்பர். அடுப்படியில் உறங்கும் பூனையையோ, வீட்டோடு இருக்கும் பிராணி என்று கூறி விட்டுச் செல்வர். இக்கூற்றிற் பாதியே உண்மை.

பூனை இடத்தை மணத்தால் அறிகின்றது. கன்னத்தைத் தூணிலும் கதவிலும் உராய்ந்து, தன் மணத்தைப் பதித்து, அவ்விடத்தைத் தனதாக்கிக் கொள்கின்றது. ஆதலின், நாலைந்து நாள் கதிர்காமம் செல்வோர் அதனைப் பிறர் வீட்டிற் கொண்டு விடுதலினும், அயலவர் ஒருவர் நாள்தோறும் இரு முறை வந்து உணவும் நீரும் வைக்க ஒழுங்கு செய்தல் நன்று. வைத்த உணவு குறைகின்றதா என்பதையும் அவர் கவனித்தல் வேண்டும். இரண்டு மூன்று நாள் உண்ணாதிருக்கும் பூனைக்கு, சிறப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிராபத்து நேரலாம்.

வீட்டை விற்றவரோ பூனையை உடன் கொண்டு செல்லல் வேண்டும். புதுமனையில் முதலில் ஓர் அறையிலே, அது படுத்துப் பழகிய சாக்குடனும் மண் நிரப்பிய தட்டுடனும் வைத்திருங்கள். இரண்டு மூன்று வாரங்கள் வெளியே விடாதீர்கள். விட்டால் பழைய மனையைத் தேடிப் புறப்பட்டு வழியில் மடியவுங் கூடும்.

உணவு வைக்குங் கை இல்லாத வீடு பூனைக்கும் வீடன்று. நம்மிடம் உண்டு பழகிய உயிரைப் பட்டினிக்கு விட்டுச் செல்லுதல் அறமாகாது.